டார்ச் துடித்தால் எல்இடியைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: 18650 பேட்டரி (சார்ஜ் ஏற்றக்கூடிய லித்தியம் வகை) ஒன்று போடும் அலுமினிய எல்இடி டார்ச் வைத்திருக்கிறேன். சில மாதங்களாக ஹை மோடில் வைத்தால் வெளிச்சம் துடிக்கிறது. லோ மோடில் எந்தத் தொந்தரவும் இல்லை. டார்ச்சை லேசாகத் தட்டினால் மோடு தானாக மாறிவிடுகிறது. பின்மூடியை இறுக்கினால் இரண்டு மூன்று நாள் ஒழுங்காக எரியும், பிறகு பழையபடி ஆகிவிடும். புது பேட்டரி வாங்கிப் போட்டும் பலனில்லை. பழுது பார்ப்பவர் எல்இடி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா, நானே சரிசெய்ய முடியுமா? மல்டிமீட்டரும் சால்டரிங் அயனும் கைவசம் உண்டு.

பதில்: எல்இடியை மாற்ற வேண்டாம். அதன் பக்கமே இப்போதைக்குப் போக வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. ஹையில் துடிப்பு, லோவில் அமைதி. தட்டினால் மோடு மாறுவது. இறுக்கினால் தற்காலிகமாகச் சரியாவது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது லூஸ் காண்டாக்ட். அதுவும் பெரும்பாலும் டார்ச்சின் பின்பாதியில்.

ஏன் என்று சொல்கிறேன். காரணம் புரிந்தால்தான் எங்கே தேடுவது என்று தெரியும். இந்த வகை டார்ச்சில் நெகட்டிவ் பக்கத்துக்குத் தனி வயர் கிடையாது. பேட்டரியின் அடியிலிருந்து மின்சாரம் பின்மூடி ஸ்பிரிங், சுவிட்ச், சுவிட்ச் போர்டைப் பிடித்திருக்கும் மரை வளையம், பின்மூடியின் உலோகம், குழாயின் விளிம்பு, குழாய், தலைப்பகுதி என்று போய் டிரைவர் போர்டின் (எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) விளிம்பில் சேர்கிறது. பாசிட்டிவ் முனை டிரைவர் போர்டின் நடுவிலுள்ள ஸ்பிரிங்கைத் தொடுகிறது. எண்ணிப் பார்த்தால், பற்று (சால்டர்) வைக்காமல் வெறும் அழுத்தத்தால் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்கள் ஏழு தேறும். அவற்றில் ஒன்றில் அழுக்கோ ஆக்சைடோ தளர்வோ இருந்தால் போதும்.

ஹை மோடில் உங்கள் டார்ச் 3 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் இடத்தில் 0.1 ஓம் மின்தடை சேர்ந்தால் அங்கே 0.3 வோல்ட் வீணாகிறது. வெள்ளை எல்இடிக்கு அந்த மின்னோட்டத்தில் ஏறக்குறைய 3 முதல் 3.4 வோல்ட் வேண்டும். பாதி தீர்ந்த லித்தியம் பேட்டரி சும்மா இருக்கும்போதே 3.7 வோல்ட் அளவில்தான் இருக்கும், லோடு ஏறினால் இன்னும் இறங்கும். அதில் 0.3 போனால் மிச்சம் என்ன? டிரைவருக்கு மின்னழுத்தம் போதவில்லை. அது பேட்டரி தீர்ந்துவிட்டதாக நினைத்து ஓட்டத்தைக் குறைக்கிறது. குறைத்ததும் இழப்பும் குறைந்து மின்னழுத்தம் ஏறுகிறது, மறுபடி கூட்டுகிறது. நீங்கள் பார்க்கும் துடிப்பு அதுதான். லோ மோடில் 50 மில்லி ஆம்பியர்தான் ஓடுகிறது என்றால் அதே 0.1 ஓமில் வெறும் 0.005 வோல்ட்தான் போகும். அதனால் குறை இருப்பதே தெரியாது.

மோடு மாறுவதும் இதே கதைதான். பின்மூடி பட்டனைப் பாதி அழுத்தி மோடு மாற்றும் டார்ச்சில், ஒரு கணம் மின்சாரம் அறுந்து மறுபடி வருவதைத்தான் டிரைவர் 'அடுத்த மோடு' என்று எடுத்துக்கொள்கிறது. அறுத்தது உங்கள் விரலா, தளர்ந்த காண்டாக்ட்டா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ஒரு சந்தேகத்தை மட்டும் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். துடிப்பு சீரான இடைவெளியில் வருகிறதா, ஒழுங்கில்லாமல் வருகிறதா? சில நொடிக்கு ஒரு முறை கடிகாரம் மாதிரி சிமிட்டினால் அது பழுதல்ல, பேட்டரி தீர்கிறது என்று டிரைவர் தரும் எச்சரிக்கை. பல டிரைவர்கள் 3 வோல்ட் பக்கம் வரும்போது இப்படிச் செய்யும். கண்ணுக்குச் சீராகத் தெரிந்து, கைப்பேசி கேமராவில் மட்டும் பட்டை பட்டையாக ஓடினால் அதுவும் பழுதல்ல. வெளிச்சத்தைக் குறைக்க டிரைவர் எல்இடியை மிக வேகமாக அணைத்து ஏற்றும் பிடபிள்யூஎம் முறை அது, லோ மோடில்தான் அதிகம் தெரியும். உங்களுடையது ஒழுங்கில்லாமல், தட்டினால் மாறுவது. ஆகவே மேலே போகலாம்.

இப்போது ஐந்து நிமிட சோதனை. இதைச் செய்யாமல் எதையும் பிரிக்காதீர்கள். பின்மூடியைக் கழற்றி ஓரமாக வையுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கட்டும், அதன் நெகட்டிவ் முனை உங்களைப் பார்த்திருக்கும். குழாயின் பின் விளிம்பில் கறுப்புப் பூச்சு இல்லாத வெறும் உலோகம் வளையமாகத் தெரியும். தடித்த செம்புக் கம்பித் துண்டு ஒன்றின் ஒரு முனையைப் பேட்டரியின் அடியிலும் மறுமுனையை அந்த விளிம்பிலும் அழுத்திப் பிடியுங்கள். டார்ச் எரியும். இது ஷார்ட் சர்க்யூட் இல்லை, சுவிட்ச் செய்யும் வேலையைக் கம்பி செய்கிறது, அவ்வளவுதான். ஆனால் பேட்டரியின் உறை விளிம்பில் கிழிந்திருந்தால் இந்தச் சோதனை வேண்டாம், முதலில் அந்தப் பேட்டரியை மாற்றுங்கள். கம்பியை ஒரு கணம் எடுத்து எடுத்து வைத்து ஹை மோடுக்குக் கொண்டுவந்து, அசையாமல் அழுத்திப் பிடித்தபடி தலைப்பகுதியை மேசையில் மெதுவாகத் தட்டுங்கள்.

துடிப்பில்லாமல் எரிந்தால் குற்றவாளி பின்மூடி. அப்போதும் துடித்தால் தலைப்பகுதி அல்லது பேட்டரி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் விடைதான் வரும்.

கம்பிக்குப் பதிலாக மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து ஓட்டத்தையும் அளக்கலாம். புரோப் வயரின் மின்தடையும் சேர்வதால் உண்மையை விடக் குறைவாகவே காட்டும், அதனால் எண்ணைப் பெரிதாக எடுக்காமல் அது நிலையாக நிற்கிறதா, குதிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அளந்து முடித்ததும் சிவப்பு புரோப்பை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். ஆம்பியர் துளையில் விட்டபடி அடுத்து பேட்டரியின் வோல்ட் பார்க்கப் போனால் பேட்டரி நேரடியாக ஷார்ட் ஆகும்.

கூடவே ஓர் எச்சரிக்கை. காண்டாக்ட் நன்றாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பல மீட்டர்கள் சில பத்து ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். நமக்கு இங்கே 0.1 ஓமே வில்லன். சாதாரண மீட்டரின் புரோப் வயரே அந்த அளவு மின்தடை உடையது. 'மீட்டரில் பார்த்தேன், கனெக்‌ஷன் சரியாக இருக்கிறது' என்று சொல்லி எல்இடியை மாற்றுபவர்கள் சறுக்கும் இடம் இதுதான். பெஞ்ச் பவர் சப்ளை (வோல்ட்டையும் ஆம்பியரையும் நாமே வைத்துக்கொள்ளும் மின்வழங்கி) கிடைத்தால் பின்மூடியின் ஸ்பிரிங்குக்கும் உலோக மரைக்கும் இடையே 1 ஆம்பியர் செலுத்தி, சுவிட்ச் ஆன் நிலையில் அந்த இரண்டு இடங்களிலும் மில்லிவோல்ட் பாருங்கள். 1 ஆம்பியரில் 100 மில்லிவோல்ட் என்றால் 0.1 ஓம். நல்ல நிலையில் உள்ள பின்மூடி சில பத்து மில்லிவோல்ட்டோடு நின்றுவிடும்.

பின்மூடிக்கு வருவோம். உள்ளே எட்டிப் பார்த்தால் ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு வளையம், அதில் எதிரெதிராக இரண்டு சிறு துளையோ வெட்டோ இருக்கும். சுவிட்ச் போர்டை அழுத்திப் பிடிப்பதும் மின்சாரத்தைப் பின்மூடிக்குக் கடத்துவதும் அந்த மரை வளையம்தான். பட்டனை ஆயிரக்கணக்கான முறை அழுத்த அழுத்த அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். நோஸ் பிளையரையோ கூர்முனை இடுக்கியையோ இரண்டு வெட்டிலும் வைத்துக் கடிகார திசையில் திருகுங்கள். கால் சுற்று, அரைச் சுற்று நகர்ந்தாலே பழுது அங்கேதான் இருந்தது. நீங்கள் பின்மூடியை வெளியே எவ்வளவு இறுக்கினாலும் இந்த வளையம் இறுகாது. இறுக்கும்போது எல்லாம் கொஞ்சம் நெருக்கப்பட்டு இரண்டு நாள் ஓடும், பிறகு பழையபடி.

இறுக்கினால் சரியாகிவிட்டது என்றாலும் அதோடு விடாமல் வளையத்தை முழுதாகக் கழற்றி ஒரு முறை சுத்தம் செய்துவிடுங்கள். கழற்றும் வரிசையை நினைவில் வையுங்கள்: வளையம், சுவிட்ச் போர்டு, சில டார்ச்சில் ஒரு பிளாஸ்டிக் வாஷர், கடைசியில் ரப்பர் பட்டன். வாஷர் இடம் மாறினால் பட்டன் ஆழமாகிவிடும், அல்லது கிளிக் ஆகாது.

சுத்தம் செய்ய 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி, பென்சில் அழிக்கும் ரப்பர் இவை போதும். மரையில் இருக்கும் பழைய கறுப்பு கிரீஸ் முழுவதையும் துடைத்தெடுங்கள். அந்தக் கறுப்பு, தேய்ந்த அலுமினியத்தூள். பிறகு குழாயின் இரண்டு முனை விளிம்புகள், பின்மூடியில் அந்த விளிம்பு போய் உட்காரும் இடம், வளையத்தின் அடிப்பக்கம், சுவிட்ச் போர்டின் விளிம்பு எல்லாவற்றையும் ரப்பரால் தேய்த்து ஆல்கஹாலால் துடையுங்கள். அலுமினியத்தில் ஆக்சைடு படிந்து மங்கியிருந்தால் 1000 நம்பர் உப்புத்தாளால் இரண்டு மூன்று முறை மெல்லத் தேய்க்கலாம். பொன்முலாம் பூசிய ஸ்பிரிங்கிலும் போர்டிலும் உப்புத்தாள் படவே கூடாது. முலாம் போனால் பிறகு மாதத்துக்கு ஒரு முறை தேய்க்க வேண்டியதுதான்.

குழாயின் மரையில் நிறப் பூச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள். பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. மரை பூச்சோடு இருந்தால் மின்சாரம் விளிம்பு வழியாக மட்டும்தான் போகிறது, அதனால் விளிம்பைத்தான் பளிச்சென்று வைக்க வேண்டும். எளிய அடையாளம்: பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தியதும் டார்ச் அணைந்தால் அது இந்த வகை.

சுத்தம் செய்தபின் மரையிலும் ஓ-ரிங்கிலும் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) சிலிக்கோன் கிரீஸ் மிக லேசாக, ஒரு படலம் அளவு. விளிம்பில் படக் கூடாது. துருவை இளக்கும் ஸ்பிரே எண்ணெய்களை அடித்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று நிம்மதியடையாதீர்கள். அழுக்கைக் கொஞ்சம் நகர்த்துவதால் சில நாள் எரியும், பிறகு அந்த எண்ணெய்ப் படலமே தூசியைப் பிடித்து வைக்கும்.

ஸ்பிரிங் இளகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மின்தடை இருக்கும் இடத்தில் சூடும் இருக்கும்: 3 ஆம்பியர், 0.1 ஓம் என்றால் 0.9 வாட். விரல் நுனி அளவு ஸ்பிரிங்குக்கு அது அதிகம். சூடேறிய ஸ்பிரிங் விறைப்பை இழக்கும், விறைப்பு போனால் அழுத்தம் குறைந்து மின்தடை இன்னும் கூடும். ஹையில் சில நிமிடம் எரிந்தபின் பின்மூடி, குழாயின் நடுப்பகுதியை விடச் சூடாக இருந்தால் இதுதான் நடக்கிறது. டார்ச்சைக் காதருகே குலுக்குங்கள். பேட்டரி முன்னும் பின்னும் 'டக் டக்' என்று அடித்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் போதவில்லை. இடுக்கியால் மெதுவாக 2 மில்லிமீட்டர் வரை இழுத்து நீட்டலாம். அதற்கு மேல் இழுத்தால் அடிப் பற்று பெயர்ந்துவிடும்.

புது பேட்டரியின் நீளத்தையும் இங்கேயே பாருங்கள். பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத 18650 பேட்டரி 65 மில்லிமீட்டர், பாதுகாப்பு சர்க்யூட் உள்ளது 68 முதல் 70 வரை வரும். நீளமானதற்காகச் செய்த டார்ச்சில் குட்டையானதைப் போட்டால் புது பேட்டரியிலும் துடிப்பு இருக்கும். தலையில் மேடு இல்லாத தட்டை முனைப் பேட்டரி சில டார்ச்சில் தொடவே தொடாது, பேட்டரியைத் தலைகீழாகப் போடுவதைத் தடுக்கும் பிளாஸ்டிக் வளையம் குறுக்கே நிற்கும். இடைவெளியை அடைக்க அலுமினியத்தாள் உருண்டையோ காந்தமோ வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். தட்டும்போது அது நழுவிப் பாசிட்டிவ் முனையையும் பேட்டரி உடலையும் சேர்த்துவிட்டால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்.

பேட்டரி உறையில் 9,900 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) என்று அச்சிட்டிருந்தால் அதை நம்பாதீர்கள். நல்ல 18650 பேட்டரியே 3,500 அளவில்தான் இருக்கும். போலிகளின் உள்மின்தடை அதிகம், முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும், ஹை மோடு போட்டதும் சரியும். மீட்டரில் 4.2 வருகிறதே என்று ஏமாறுவது இதில்தான். நன்றாக வேலை செய்யும் வேறொரு டார்ச்சின் பேட்டரியை இதில் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

வளையம், சுத்தம், ஸ்பிரிங் மூன்றும் பார்த்தபின்னும் பின்மூடியில் துடிப்பு இருந்தால் சுவிட்சின் உள் காண்டாக்ட் கருகியிருக்கிறது. பேட்டரியை எடுத்துவிட்டு நாற்பது ஐம்பது முறை வேகமாகக் கிளிக் செய்யுங்கள். உராய்வில் கருகல் கொஞ்சம் உதிர்ந்து டார்ச் நன்றாக எரியத் தொடங்கினால் நோய் உறுதியானது, ஆனால் குணமாகவில்லை. சுவிட்சை மாற்றுங்கள். வாங்கும் முன் போர்டின் விட்டத்தையும் சுவிட்சின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டு வகை உண்டு: கிளிக் ஆகும் முன் லேசாக அழுத்தினாலே எரிவது ஒன்று, கிளிக் ஆகி விட்டபின்தான் எரிவது இன்னொன்று. எரியும்போது பாதி அழுத்தி மோடு மாற்றுவதால் உங்களுடையது இரண்டாவது வகையாக இருக்க வேண்டும். வகை மாறி வாங்கினால் டார்ச் எரியும், ஆனால் மோடு மாற்றும் விதம் குழம்பிவிடும். பற்று வைக்கும்போது ஒரு காலுக்கு 2, 3 நொடிக்கு மேல் அயனை வைக்காதீர்கள். பிளாஸ்டிக் இளகி உள்ளிருக்கும் தகடு சாய்ந்தால் புது சுவிட்சும் பழைய மாதிரியே துடிக்கும்.

சால்டரிங் கைவந்தவர் என்றால் ஸ்பிரிங்கின் அடியிலிருந்து உச்சிக்கு ஒரு மெல்லிய சிலிக்கோன் உறை வயரைப் பற்ற வைக்கலாம். மின்சாரம் எஃகுச் சுருளில் சுற்றாமல் செம்பு வழியே போகும். 22 கேஜ் தடிமன் போதும். ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது வயர் இடையில் நசுங்காத அளவுக்குத் தளர்வு விடுங்கள். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தாமல் பேட்டரியை நேரே எல்இடிக்கு விடும் டார்ச்சுகளில் இதைச் செய்தால் ஹையில் ஓட்டம் கூடிச் சூடு அதிகமாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கம்பிச் சோதனையிலும் துடித்து, பேட்டரியும் நல்லது என்றால்தான் தலைப்பகுதி. குழாயின் முன் விளிம்பைச் சுத்தம் செய்யுங்கள், டிரைவர் போர்டைப் பிடித்திருக்கும் வளையம் இருந்தால் இறுக்குங்கள். பாதிப் பழுது அதிலேயே தீரும். தீராவிட்டால் கண்ணாடி வளையத்தையும் ரிஃப்ளெக்டரையும் கழற்றி எல்இடி தட்டுக்கு வரும் இரண்டு வயர்களின் பற்றைப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது சரியாக எரிந்து, ஐந்து நிமிடம் சூடானபின் துடித்தால் பற்றில் விரிசல் இருக்கிறது. சூட்டில் உலோகம் விரிந்து விரிசல் திறக்கிறது. பேட்டரியை எடுத்துவிட்டு, பற்று நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, 63/37 சால்டரால் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) பற்றைப் புதுப்பியுங்கள். அந்தத் தட்டு சூட்டைக் குடித்துவிடும், 25 வாட் அயன் திணறும். 60 வாட் அயனை 350 டிகிரியில் வைத்துச் சட்டென்று முடிப்பதே எல்இடிக்கு நல்லது. எல்இடியின் மஞ்சள் மேல்பகுதியில் விரலோ அயனோ படக் கூடாது.

ரிஃப்ளெக்டரைத் திரும்ப வைக்கும்போது எல்இடியைச் சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் வளையத்தை மறக்காதீர்கள். ரிஃப்ளெக்டரின் அடி உலோகம். அந்த வளையம் இல்லாமலோ, பற்று மேடாகவோ இருந்தால் முன்வளையத்தை இறுக்கியதும் பாசிட்டிவ் முனை ரிஃப்ளெக்டரைத் தொட்டு டார்ச் அணையும், தளர்த்தினால் எரியும்.

எல்இடியைச் சந்தேகப்படுவது இதெல்லாம் முடிந்தபின். சூட்டில் கெட்ட எல்இடி பொதுவாகத் துடிப்பதில்லை. மங்கும், நீலம் பாயும், இல்லையென்றால் ஒரேயடியாகச் செத்துப்போகும். உள்ளிருக்கும் நுண்கம்பி விட்டு விட்டுத் தொடும் பழுது உண்டு, ஆனால் அரிது. சோதிக்க வேண்டுமென்றால் ஒரு வயரைக் கழற்றிவிட்டு 3 வோல்ட் சிஆர்2032 பட்டன் பேட்டரியை நேராகத் தொடுங்கள். மங்கலாக, சீராக எரிந்தால் எல்இடி பெரும்பாலும் நல்லது. 6 வோல்ட் வகை எல்இடியாக இருந்தால் இதில் எரியாது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்த இடத்தில் டிரைவர் போர்டு மட்டும் மிச்சம். அது பிசின் ஊற்றி மூடியிருந்தால் நோண்டாமல், அதே விட்டமும் அதே எல்இடி மின்னழுத்தமும் கொண்ட வேறு போர்டைப் போடுவதே சுலபம்.

வேலை முடிந்ததும் முழு சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு ஹையில் ஐந்து நிமிடம் எரிய விட்டு, சூடாக இருக்கும்போதே பின்பக்கத்தை உள்ளங்கையில் பத்துப் பதினைந்து முறை தட்டுங்கள். பிறகு பேட்டரி 3.6 வோல்ட் அளவுக்கு இறங்கியபின் இன்னொரு முறை இதையே செய்யுங்கள். முழு சார்ஜில் ஒளிந்துகொள்ளும் மின்தடை அப்போதுதான் வெளியே வரும்.